அணியும் பொருளும்: ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் வாழ்வும் கலையும்

ஓர் ஓவியத்தைப் பார்த்து, 'இது வெறும் அலங்காரம்' என்று கூறுவது இக்காலத்தில் ஒரு குறைகூறலாகவே கொள்ளப்படுகின்றது. பொருளின்றிக் கண்ணை மட்டும் மகிழ்விப்பது, சுவரை நிரப்புவதற்கன்றி வேறு பயன் அற்றது என்பன போன்ற கருத்துக்கள் அச்சொல்லிலே தொக்கி நிற்கின்றன. ஆயின், நம் முன்னோர் அச்சொல்லை இவ்வாறு இழித்து வழங்கினாரல்லர். கவிதையின் உயிர்க்கூறுகளை ஆராய்ந்த வடநூலார் தம் சாத்திரத்துக்கு அலங்காரம் என்றே பெயரிட்டனர். தமிழில் அதனை முதனூலாகக் கொண்டெழுந்த தண்டியலங்காரம் அணியிலக்கணம் கூறும் நூலாகப் போற்றப்படுகின்றது. அணி என்னும் தமிழ்ச்சொல்லோ நகையையும் குறிக்கும், அழகையும் குறிக்கும், ஒழுங்குபட வகுத்து நிறுத்தப்பட்ட படையையும் குறிக்கும். ஒழுங்கும் அழகும் ஒரு சொல்லுள் அடங்கி நிற்பது கருதத்தக்கது.

இவ்வுண்மையை உலகறிய எடுத்துரைத்தவர் ஈழத்துப் பேரறிஞர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆவர். 'அலம்' என்பது நிறைவு, போதியதாதல் எனப் பொருள்படும். ஆகவே அலங்கரித்தல் என்பது ஒன்றனைத் தன் தொழிலுக்குப் போதியதாக நிறைவு செய்தலேயாம் என்பது 1939ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம். வீரனுக்கு வாள் எவ்வாறு மிகையன்றோ, அவ்வாறே பொருளுக்கு அணியும் மிகையன்று என்பது இதனாற் பெறப்படும்.

இக்கொள்கையை உரைகல்லாகக் கொண்டு ஆராய்தற்கு ஏற்ற ஓவியர் ஒருவர் கண்டியிலே பிறந்து, கண்டிச் சூழலிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். அவரே ஜோர்ஜ் கீற். அணிநலமும் குறியீடும் அவர் ஓவியங்களில் எவ்வாறு ஒன்றாயின என்பதை உணர்வதற்கு, முதற்கண் அவர் வளர்ந்த நிலத்தின் கலைமரபை அறிதல் வேண்டும்.

கண்டி நாட்டின் சுவரோவியம்

கண்டி நகருக்குத் தென்கிழக்கே பரந்து கிடக்கும் ஹேவாஹெட்ட மலைப்பகுதி இருவேறு வரலாறுகள் சந்திக்கும் நிலமாகும். அங்குள்ள லூல்கந்துரையில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் தெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் அங்கிருந்தே வளர்ந்தது. தென்னாட்டிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் வாழ்வும், அவர்கள் சுமந்து வந்த மாரியம்மன் வழிபாடும், காமன் கூத்தும் அம்மலைகளிலே வேரூன்றின. அதே ஹேவாஹெட்டயின் மேற்பகுதியில் உள்ள ஹங்குராங்கெத்தை, கண்டி மன்னர்கள் இடர்க்காலத்திற் புகலடைந்த அரண்மனைப் பதியாகும். அவ்வரண்மனை 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படையினரால் அழிக்கப்பட்டது. அங்கு நிலைபெற்ற பொத்குல் மாளிகை விகாரை ஏட்டுச் சுவடிகளுக்குப் பெயர்பெற்றது. தேயிலைச் செடிகளுக்கிடையே வாழ்வோர் பலர், தம் மலைகளைச் சூழ்ந்து இத்தகைய பழங்கலை விளங்குதலை அறியாதே இருந்து வந்தனர்.

அக்கலையின் உயர்ந்த எடுத்துக்காட்டைக் காண மகாவலி கங்கையைக் கடந்து, கண்டிக்கு வடகிழக்கே அமுணுகமையில் உள்ள தெகல்தொறுவைக் குகை விகாரைக்குச் செல்லல் வேண்டும். இது கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் (1747–1782) தொடங்கப்பெற்று, அவன் தம்பி இராசாதிராசசிங்கன் காலத்தில் நிறைவெய்தியது. இவ்விரு மன்னரும் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் வழியினர் என்பதும், தென்னாட்டுச் சைவ வைணவச் சூழலில் தோன்றிய அம்மரபினரே பௌத்த விகாரைகளைப் புதுக்கிச் சித்திரம் தீட்டுவித்தனர் என்பதும் நினைவில் இருத்தற்குரியன.

தெகல்தொறுவையிற் பணியாற்றிய ஓவியருள் தலையாயவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உண்ணான்சே என்பவர். அவர் முழுத்துறவு பெறாத ஒரு தேரர். கண்டி நாட்டு ஓவியருள் பெயர் தெரிந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் இவரும் ஒருவர். குகையின் மேற்றளத்திலே மாரன் படையெடுத்துவரும் காட்சியும், சுவர்களிலே வெசந்தர சாதகம், சுதசோம சாதகம் முதலிய கதைகளும் தீட்டப்பட்டுள்ளன.

இவ்வோவியங்களின் இயல்பு யாது? பின்னணி பெரும்பாலும் செந்நிறத் தட்டைப் பரப்பு. உருவங்களுக்கு நிழல் இல்லை. தூரத்தே உள்ளது சிறுத்தும் அண்மையில் உள்ளது பெருத்தும் தோன்றும் காட்சி நெறி இல்லை. கதை நீண்ட பட்டிகளாகச் செல்லும். தலைவன் ஒரே பட்டியிற் பலமுறை தோன்றுவான். ஒவ்வொரு தோற்றமும் கதையின் ஒவ்வொரு படியாகும். ஒரு மரம் காட்டைக் குறிக்கும். வெற்றிடம் எஞ்சியவிடத்துத் தாமரை மலர் ஒன்று வந்து நிறைக்கும். வெண்மைக்கு ஒருவகை வெண்களிமண், கருமைக்கு விளக்குக்கரி, செம்மைக்குச் சாதிலிங்கம் எனச் சில நிறங்களே ஓவியன் கையில் இருந்தன. சாதிலிங்கம் என்னும் அப்பெயர் சிங்களச் சித்திரகாரருக்கும் தமிழ்ச் சித்திரகாரருக்கும் பொதுவாயிருத்தல், தொழில்முறைகள் கடலைக் கடந்து பரவியமைக்கு ஒரு சான்றாகும்.

மேனாட்டுக் கண்கொண்டு நோக்கிய பலர் இவற்றை அறியாமையின் விளைவு எனத் தள்ளினர். அக்கருத்தை மறுத்தெழுந்ததே 1908ஆம் ஆண்டில் வெளிவந்த குமாரசுவாமியின் இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் தலைவராக 1903 முதல் 1906 வரை பணியாற்றியபோது, பாறைகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற அவர் கைவினைஞரையும் கண்டார். நிழலும் தூரமும் காட்டாமை இயலாமையன்று; கதைப்பொருளையே முதன்மையாகக் கொண்ட ஒரு மரபின் தெரிவு என்பதை அந்நூல் நிலைநாட்டியது.

மேனாட்டிலே ஒரு திருப்பம்

இதே காலத்தில் ஐரோப்பாவிலும் ஓவியர் சிலர் வேறொரு வழியால் இம்முடிவுக்கே வந்து சேர்ந்தனர். கண்டதைக் கண்டவாறு தீட்டும் முறையில் மனநிறைவு கொள்ளாத கவிஞரும் ஓவியரும், புறப்பொருளை அகப்பொருளின் அடையாளமாகக் கொள்ளும் குறியீட்டு நெறியை 1880களில் வகுத்தனர். அந்நெறியின் அறிக்கை 1886ஆம் ஆண்டில் பாரிசில் வெளியாயிற்று. ஓவியம் என்பது முதலில் நிறங்களால் ஒழுங்குபட மூடப்பட்ட ஒரு தட்டைப் பரப்பே என்னும் கருத்தை மோரிஸ் தெனி என்னும் இளைஞர் 1890இல் வெளியிட்டார். வியன்னா நகரத்துக் குஸ்தாவ் கிளிம்ற் (1862–1918) பொன்தகடும் கோலவடிவங்களும் நிறைந்த ஓவியங்களிலே காதலையும் சாவையும் குறிப்பாக உணர்த்தினார். அவர் ஓவியத்தில் ஆடையின் கோலம் ஆடையை அழகுசெய்வதற்காக மட்டும் அமைந்ததன்று; அதனை உடுத்தோரின் உள்ளநிலையையும் அது பேசுகின்றது.

ஆகவே, தெகல்தொறுவைச் சுவரிலே பதினெட்டாம் நூற்றாண்டில் இயல்பாக நிகழ்ந்த ஒன்றனை, ஐரோப்பியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பெருமுயற்சியுடன் மீட்டெடுத்தனர் எனலாம். இவ்விரு வழிகளும் ஒரு மனிதரிடத்தே கூடியமைதான் கீற்றின் வரலாறு.

கீற்றின் இளமை

ஜோர்ஜ் கீற் 1901ஆம் ஆண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் கண்டியிற் பிறந்தார். ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் குடும்பம் அவருடையது, வீட்டுமொழி ஆங்கிலம். கண்டி திரித்துவக் கல்லூரியிற் கற்ற காலத்தில் பரீட்சைகளிலே அவர் மனம் செல்லவில்லை. நூலகமே அவரை ஈர்த்தது. ஆங்கிலக் கல்வியும் ஐரோப்பியப் பழக்கவழக்கமும் உடைய அவரைப் போன்ற இளைஞர், தம்மைச் சூழ்ந்த நாட்டுக் கலைகளை ஏறெடுத்தும் பாராதிருந்த காலம் அது. கீற்றோ, கண்டி வாவிக்கரையில் உள்ள மல்வத்தை விகாரைத் துறவிகளை நாடிச் சென்றார். அவர்கள்பாற் பௌத்தமும் சிங்கள இலக்கியமும் பயின்றார். பரீட்சையில் தோற்ற மாணாக்கர் ஒருவர் பழஞ்சுவடிகளின் மாணாக்கர் ஆனார்.

தூரிகையை அவர் முனைந்து கையில் எடுத்தது ஏறத்தாழ 26ஆம் வயதில், 1927ஆம் ஆண்டளவில் ஆகும். இது காலந்தாழ்ந்த தொடக்கமே. எனினும் அதற்குமுன் கற்ற இலக்கியமும் தத்துவமும் வீண்போகவில்லை. அவர் ஓவியத்துக்கு வேண்டிய பொருளை அவையே சேர்த்துவைத்தன. கவிதையும் அவருக்கு இயல்பாயிருந்தது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் அவர்தம் ஆங்கிலக் கவிதைத் தொகுதிகள் வெளிவந்தன. 1938இல் சிங்களக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலொன்றும் வெளியாயிற்று.

புகைப்படக் கலைஞரும் பியானோ வல்லுநருமாகிய லயனல் வென்ட் (1900–1944) அவரது நெருங்கிய நண்பர். பிக்காசோ, மத்தீஸ் முதலிய புதிய ஐரோப்பிய ஓவியரின் ஆக்கங்கள் அச்சுப்படிகள் வாயிலாக இலங்கையில் அறிமுகமாவதற்கு வென்ட் போன்றோர் உதவினர். அந்நாளிற் சிலி நாட்டுத் தூதுவப் பணியிற் கொழும்பில் இருந்தவரும், பின்னர் 1971இல் நோபல் பரிசு பெற்றவருமாகிய கவிஞர் பப்லோ நெரூடா, இளம் ஓவியராகிய கீற்றின் ஆற்றலை முன்னரே உணர்ந்து பாராட்டி எழுதினார்.

கோடும் குறியும்

கீற்றின் ஓவியத்தை முதன்முறை காண்போர் கண்ணில் முதலிற்படுவது கோடு. தடித்து, தளர்வின்றி, வளைந்து செல்லும் அக்கோடு ஓர் உருவத்தின் தோளிலிருந்து மற்றோர் உருவத்தின் கைக்கும், அங்கிருந்து ஒரு கொடிக்கும் பாய்ந்து செல்லும். மனிதரும் மரமும் விலங்கும் ஒரே கோலத்தின் கண்ணிகளாகின்றனர். நிறமோ நிழலால் மெலியாது தட்டையாய் ஒளிர்கின்றது. முகத்தைப் பக்கத்தோற்றமும் நேர்த்தோற்றமும் ஒன்றிணைந்ததாக வரைதல் அவர் கைவழக்கு. ஒரு பொருளைப் பல திசைகளிலிருந்தும் ஒருங்கே காட்டும் கனவடிவ நெறியைப் பிக்காசோ முதலியோரிடமிருந்து அவர் கற்றார் என்பது வெளிப்படை.

ஆயினும், அதனை அவர் பயன்படுத்திய நோக்கம் வேறு. பிக்காசோவின் கனவடிவ ஓவியங்களிற் பொருள்கள் பல கூறுகளாகச் சிதைந்து தோன்றும். கீற்றின் கையில் அதே முறை இரண்டைச் சேர்ப்பதற்கு உதவியது. தலைவனும் தலைவியும் அணைந்து நிற்கும் ஓவியங்களில், ஒரு முகத்தின் விளிம்பாகிய கோடே மற்றொரு முகத்தின் விளிம்புமாகின்றது. எது அவன் எல்லை, எது அவள் எல்லை எனப் பிரித்தறிதல் அரிதாகின்றது. கூடல் என்னும் பொருள், கதையாலன்றி வடிவத்தாலேயே சொல்லப்பட்டுவிடுகின்றது. அணியே பொருளாதல் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

1939, 1940ஆம் ஆண்டுகளில் கொழும்பு பொரளையில் உள்ள கோதமி விகாரையின் சுவர்களிலே புத்தபெருமானின் வரலாற்றை அவர் தீட்டினார். தெகல்தொறுவைக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழிந்த காலம் அது. மலிவான அச்சுப்படங்களின் சாயலிற் கோயிற்சுவர்கள் தீட்டப்பட்டு வந்தமையால், பழைய மரபு நலிவுற்றிருந்தது. கீற் பழைய பட்டிகளை அப்படியே படியெடுத்தாரல்லர். சுவரையளாவிய பேருருவங்களை அமைத்து, மாரனின் சோதனை போன்ற காட்சிகளிலே கோட்டின் ஓட்டத்தாலேயே கலக்கத்தையும் அமைதியையும் வேறுபடுத்தினார். கலக்கமுற்ற உருவங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க, அமைதியுற்ற உருவம் தனித்து விளங்குகின்றது. வழிபடுவோர் அதனை எளிதில் உணர்வர். ஓவியம் கற்றோர் அதன் அமைப்பை வியப்பர். இருசாராருக்கும் ஒருங்கே பயன்படுதல் சுவரோவியத்தின் கடன்.

அகத்திணையும் கீத கோவிந்தமும்

புத்த சரிதத்தைத் தீட்டிய கையே இராதை, கண்ணன் காதலையும் தீட்டியது. ஜயதேவரின் கீத கோவிந்தத்தைக் கீற் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கோட்டோவியங்களும் வரைந்தார்; அது பம்பாயில் நூலாக வெளிவந்தது. வடநூலார் எண்வகையாகப் பகுத்த நாயகிகள் அவர் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றனர். பாரதக் கதையின் பீமனும் சராசந்தனும் பொருதலை வரைந்தபோது, இரு மல்லரின் உடல்களும் ஒரு முடிச்சாகவே அமைந்தன. பறங்கியர் குடியிற் பிறந்து பௌத்தம் பயின்ற ஒருவர் இந்து சமயக் கதைகளைத் தம்முடையனவாக்கிக் கொண்டமை, கலைச் செல்வத்துக்குப் பிறப்புரிமை தடையன்று என்பதைக் காட்டும்.

தமிழ் கற்றோருக்கு இவ்வோவியங்களை நுகர்தற்கு ஒரு திறவுகோல் முன்னரே கிடைத்துள்ளது. தொல்காப்பியர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என வகுத்தார். மலையும் கடலும் காடும், அவற்றின் மரமும் மலரும் பறவையும், பாட்டிலே வெறும் பின்னணியாய் நில்லாது, தலைமக்களின் உள்ளத்து உணர்வைத் தாங்கி நிற்கும். வெளிப்படக் கூறலாகாததைக் கருப்பொருளின் மேல் ஏற்றிக் கூறுதல் உள்ளுறை உவமம் எனப்பட்டது. குறியீட்டு நெறியார் பாரிசிலே தேடிய ஒன்று இதுவேயன்றோ?

கீற்றின் தலைவி கையில் ஏந்திய மலரையும், அவள் பின்னே வளைந்த கிளையையும், அருகே நிற்கும் பசுவையும் இவ்வாறு நோக்குதல் வேண்டும். அவை இடத்தை நிரப்பும் பொருள்கள் அல்ல. காத்திருக்கும் தலைவியின் உடல் எவ்வாறு வளைந்துள்ளதோ அவ்வாறே கிளையும் வளைந்திருக்கும். அவள் வாய் திறந்து கூறாததைக் கிளை கூறும். கருப்பொருள் உரிப்பொருளைச் சுமக்கின்றது. ஓவியத்தில் உள்ளுறை காண்பதற்குச் சங்க இலக்கியப் பயிற்சியைவிடச் சிறந்த ஆயத்தம் வேறில்லை.

குறைகளும் மதிப்பீடும்

கீற்றின்மேற் சாற்றப்பட்ட குறைகள் இரண்டு. பிக்காசோவின் நிழல் அவர்மேல் மிகுதியாகப் படிந்துள்ளது என்பது ஒன்று. பிற்காலத்தில் ஒரே பொருளையும் ஒரே கோலத்தையும் திரும்பத் திரும்ப வரைந்தார் என்பது மற்றொன்று. முதற்குறைக்கு விடை மேலே கூறப்பட்டது. இரண்டாவதில் உண்மை இல்லாமலில்லை. நெடுங்காலம் இடையறாது வரைந்த அவரின் பிற்கால ஓவியங்கள் சிலவற்றிலே கோடு பழக்கத்தால் ஓடுகின்றது; உணர்ச்சி உடன் ஓடவில்லை. பொருளை விட்டகன்ற அணி வெற்றணியாகும் என்னும் கொள்கை, அதனை எண்பித்த ஓவியருக்கும் பொருந்துவதே. ஆயினும் ஒரு கலைஞரை அவர்தம் சிறந்த ஆக்கங்களைக் கொண்டு அளப்பதே நெறி.

அறிஞருலகம் அவ்வாறே அளந்தது. மார்ட்டின் றசல் என்பார் கீற்றைப் பற்றி எழுதிய நூல் 1950இல் பம்பாயிலிருந்து வெளிவந்தது. டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் 1959இல் வெளியிட்ட இந்தியாவும் நவீன ஓவியமும் பற்றிய நூலில், இரவீந்திரநாத தாகூர், அமிர்தா சேர்கில், யாமினி ராய் ஆகியோருடன் கீற்றையும் வைத்து ஆராய்ந்தார். ஈழத்து ஓவியர் ஒருவர் இந்தியக் கலைமரபின் முன்னணியோருள் ஒருவராக எண்ணப்பட்டமை பெருமைக்குரியது.

நாற்பத்துமூன்றாம் ஆண்டுக் குழு

கீற் தனித்து நின்று இவற்றைச் செய்தாரல்லர். 1943ஆம் ஆண்டு ஆகத்து மாதம் கொழும்பிலே லயனல் வென்டின் முயற்சியால் ஓவியர் குழுவொன்று தோன்றியது. அவ்வாண்டின் பெயராலேயே அது வழங்கப்படுகின்றது. ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், யஸ்ரின் தெரணியகல, ஜோர்ஜ் கிளாசன், றிச்சட் கபிரியேல் முதலியோருடன் கீற்றும் அதில் உறுப்பினரானார். துறவுக்கோலம் நீங்கிய மஞ்சுசிறீயும் அக்குழுவினரே. அழிந்துவந்த விகாரைச் சுவரோவியங்களைப் பலவிடங்களிலும் தேடிப் படியெடுத்த அவர் பணி மறக்கற்பாலதன்று. ஆங்கில ஆசிரியர் பயிற்றிய இயற்கைக்காட்சி ஓவியத்தையே கலை எனக் கொண்டிருந்த சூழலை எதிர்த்தெழுந்த இக்குழுவின் ஓவியங்கள், 1952இல் இலண்டனிலும் 1953இல் பாரிசிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன.

கண்டிச் சூழலிலே ஊர்ப்புற வாழ்வை விரும்பி வாழ்ந்த கீற், முதுமையிலும் வரைதலைக் கைவிடவில்லை. அவர் பெயரிலான நிதியம் 1988இல் நிறுவப்பெற்றது. 1993ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாள், தம் 92ஆம் வயதில் அவர் மறைந்தார். அதே ஆண்டில் அந்நிதியம் தொடக்கிய கலாபொல என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தை, இளங்கலைஞர் தம் ஆக்கங்களைப் பொதுமக்கள்முன் வைக்க வழிசெய்தது.

முடிவு

கீற்றின் வாழ்வு மாணாக்கருக்கு உணர்த்துவது யாது? பிறநாட்டுக் கலையைக் கற்றல் தீதன்று. தன் நிலத்துக் கலையைக் கல்லாமையே தீது. பிக்காசோவை அவர் அறியாதிருந்தால் பழஞ்சுவர்களைப் படியெடுப்பவராக மட்டும் இருந்திருக்கக்கூடும். மல்வத்தைத் துறவிகளையும் விகாரைச் சுவர்களையும் அறியாதிருந்தாலோ, பாரிசு ஓவியரின் மாணாக்கருள் ஒருவராகவே கழிந்திருப்பர். இரண்டையும் அறிந்தமையால் அவர் கீற் ஆனார்.

கண்டி மலைநாட்டின் விகாரைச் சுவர்களிலே ஈரமும் புகையும் படிந்து, சாதிலிங்கச் செம்மை ஆண்டுதோறும் மங்குகின்றது. தோட்டத்துக் கோயில் முன்றிலில் விடியற்காலையில் இடப்படும் கோலமோ மாலைக்குள் கலைந்துவிடுகின்றது. முன்னதைக் காப்பதற்கு அரசும் அறிஞரும் வேண்டும். பின்னதைக் காப்பதற்கு அதனை இடும் கைகள் வேண்டும். இரண்டிற்கும் இன்றியமையாதது, அவற்றை 'வெறும் அலங்காரம்' என்று கடந்துசெல்லாத கண். அக்கண்ணைப் பெறுதலே கலைக்கல்வியின் முதற்பயன்.